ஐந்தாவது ஆட்டம்

2019 மார்ச் 10, மொஹாலி. இந்தியா 358 ரன் எடுத்தும் ஆஸ்திரேலியா அதைத் துரத்திப் பிடித்த ஆட்டம். வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த ஆஷ்டன் டர்னர் ஒரு பந்தில் கிரீஸுக்கு வெளியே ஏமாந்து நின்றார். கீப்பர் ரிஷப் பந்த் கையில் பந்து தங்கவில்லை. கைக்கு வந்த ஸ்டம்பிங் போய்விட்டது. உடனே அரங்கத்தில் "தோனி, தோனி" என்று கோஷம் எழுந்தது. தோனி அன்று ஆடவே இல்லை. தொடரின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு அவருக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். மைதானத்தில் இல்லாத ஒருவரின் பெயரை, மைதானத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு பையனின் காதில் விழும்படி ஆயிரக்கணக்கானவர்கள் கத்தினார்கள். ரிஷப்புக்கு அப்போது வயது 21. இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டங்களில் இறங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் கோஷத்தில் ஏதாவது தப்பு இருக்கிறதா?

அதே ஆண்டு டிசம்பரில் விராட் கோலி, ரிஷப் தவறு செய்யும்போது தோனியின் பெயரைக் கத்துவது மரியாதை இல்லை என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அதைப் படித்துவிட்டு என் நண்பர்கள் வட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர், "டிக்கெட் வாங்கி உள்ள போனவனுக்கு யார் பேரைக் கத்தணும்னு க்ளாஸ் எடுப்பாரா?" என்றார்கள். இரண்டு பக்கமும் எனக்குப் புரிந்தது. தவறு எங்கே இருக்கிறது, அல்லது இருக்கிறதா என்பதுதான் பிடிபடவில்லை. ஒப்பிடுவது பாவம் என்றால் ரசனை என்று ஒன்று இருக்கவே முடியாது. எல்லா ஒப்பீடும் சரி என்றால் கோலிக்கு ஏன் உறுத்தியது?

முதலில் ரசிகனின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் பக்கமும்தான்.

திருச்சிக்கு ஐ.பி.எல். அணி கிடையாது. சேப்பாக்கம் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் சீசன் வந்தால் ரயிலிலும் பஸ்ஸிலும் முதுகில் 7 போட்ட மஞ்சள் சட்டைகள் சென்னைக்குக் கிளம்பிவிடும். ஆட்டம் முடிய நள்ளிரவு ஆகும். கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, விடியும்போது ஊருக்கு வந்து, குளித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். இவர்களுக்கு முந்தைய ஆளின் நினைவு வெறும் நினைவல்ல, ஓர் அளவுகோல். ஸ்டம்பிங் எவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்ததே தோனியால்தான். உச்சம் எது என்று பார்த்தவனிடம் போய் "அதை மறந்துவிட்டு இதைப் பார்" என்றால் எப்படி முடியும்? ஒரு துறையின் தரம் ஒப்பீட்டின் வழியாகத்தான் கைமாறுகிறது.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் சித்தப்பாவிடம் இதை நன்றாகப் பார்க்கலாம். 2005-இல் தோனி வந்த புதிதில் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் மேட்ச் பார்ப்பார். "இதெல்லாம் ஒரு கீப்பிங்காடா? கிர்மானி கையப் பாத்திருக்கியா நீ?" இருபது வருஷம் ஓடிவிட்டது. இப்போது எந்தப் புதுக் கீப்பர் வந்தாலும், "தோனி கை மாதிரி வருமா?" என்கிறார். போன வருஷம், "சித்தப்பா, அப்போ கிர்மானி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரு வேறடா" என்றார்.

சித்தப்பா பொய் சொல்லவில்லை. கிர்மானியின் கையையும் தோனியின் கையையும் அவர் நிஜமாகவே ரசித்தவர். ஆனால் அவருடைய ஒப்பீட்டில் ஒரு வினோதம் இருக்கிறது. அதில் புதியவன் ஒருநாளும் ஜெயிக்க முடியாது. பழையவனாக ஆன பிறகுதான் ஜெயிப்பான், அதுவும் அடுத்த புதியவனைத் தோற்கடிப்பதற்காக.

இங்கேதான் இரண்டு வகை ஒப்பீடுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் சொந்த அனுபவத்திலிருந்து சொன்னால் எளிதாக இருக்கும். திருச்சிப் பக்கம், இன்ஜினியரிங் படிப்பு, சாஃப்ட்வேர் வேலை, தமிழில் எழுதுகிறவன். அடுத்த வாக்கியம் என்னவென்று உங்களுக்கே தெரியும். "ஓ, சுஜாதா மாதிரியா?" ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிக் குவித்த மனிதர், 2008 பிப்ரவரியில் காலமானார். அதன் பிறகும் இந்த ஊரிலிருந்து கீபோர்டைத் தொடும் ஒவ்வொருவன் பக்கத்திலும் அவர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

என் கட்டுரை ஒன்றைப் படித்த ஒருவர் "சுஜாதா இதை நாலு வரியில முடிச்சிருப்பார்" என்று சொன்னார். வலித்தது. ஆனால் உபயோகமாக இருந்தது. திரும்பப் படித்துப் பார்த்தேன். இரண்டு பத்திகளை வெட்டினேன். இன்னொருவர், "என்ன எழுதினாலும் சுஜாதா ஆக முடியுமா தம்பி?" என்றார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எதை வெட்டுவது?

முதல் ஒப்பீட்டுக்குப் பதில் இருக்கிறது. நாளைக்கு நான் ஏதாவது செய்தால் அது தீரும். இரண்டாவதற்குப் பதிலே கிடையாது. நாளை உலகத்தின் சிறந்த கட்டுரையை எழுதினாலும் நான் சுஜாதா ஆகப் போவதில்லை. ஆகவே அது என்னைப் பற்றிய வாக்கியமே அல்ல. சொல்பவர் தன் இளமையைத் தேடுகிறார். வார இதழ் வரக் காத்திருந்த வெள்ளிக்கிழமைகளைத் தேடுகிறார். அதை விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அது துக்கம்.

துக்கப்படுவது தப்பில்லை. ஆனால் இழவு வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைக் கல்யாண மாப்பிள்ளையிடம் போய்ச் சொல்லக் கூடாது.

இந்தச் சோதனையை மஞ்சள் அணியின் மீது வைத்துப் பார்க்கலாம். 2022 சீசனுக்கு முன்பு ரவீந்திர ஜடேஜாவை 16 கோடிக்கும் தோனியை 12 கோடிக்கும் தக்கவைத்துக்கொண்டார்கள். மார்ச் 24 அன்று ஜடேஜா கேப்டன். எட்டு ஆட்டங்களில் இரண்டு வெற்றி, ஆறு தோல்வி. ஏப்ரல் 30 அன்று பொறுப்பைத் தோனியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். எட்டில் ஆறு தோல்வி என்பது நியாயமான விமர்சனத்துக்கு உரிய கணக்குதான். ஃபீல்டிங் வியூகம், பௌலிங் மாற்றம் என்று எவ்வளவோ பேசலாம். ஆனால் அடுத்த ஆண்டு நடந்தது வேறு. 2023 மே மாதம் சேப்பாக்கத்தில் டெல்லியை ஜெயித்த பிறகு ஜடேஜா சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார்: நான் ஏழாவதாக இறங்கும்போதே மாஹி பாய் பெயரைக் கத்துகிறார்கள், இன்னும் மேலே இறங்கினால் நான் எப்போது அவுட் ஆவேன் என்று காத்திருப்பார்கள். கூட்டம் சிரித்தது. எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. சொந்த மைதானத்தில், சொந்த அணியின் ரசிகர்கள், சொந்த ஆட்டக்காரனின் விக்கெட் விழக் காத்திருக்கிறார்கள். அவன் என்ன செய்தால் இது தீரும்? அவுட் ஆனால் தீரும். வேறு எதுவும் அதைத் தீர்க்காது.

அந்த மாதமே அகமதாபாத் இறுதிப் போட்டி. மழையால் 30-ஆம் தேதி அதிகாலை வரை நீண்ட ஆட்டத்தில் தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவை. ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்தார். ஐந்தாவது கோப்பை. தோனி அவரைத் தூக்கிக்கொண்டார்.

"பாத்தியா, நிரூபிச்சுட்டான்ல" என்று இங்கே முடித்துவிடத் தோன்றும். 2021 ஜனவரி 19 அன்று பிரிஸ்பேனில் ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் 89 எடுத்து, 1988-க்குப் பிறகு காபா மைதானத்தில் ஆஸ்திரேலியாவை முதன்முறையாகத் தோற்கடித்தபோதும் இதையேதான் சொன்னோம். இந்த முடிவில் எனக்குச் சம்மதமில்லை. அவன் பின்னாளில் ஜெயித்ததால் மொஹாலிக் கூச்சல் தப்பு என்றால், ஜெயிக்காமல் போயிருந்தால் அது சரியாகிவிடுமா? இந்திய அணிக்குள் வந்து, நாலு வாய்ப்பில் தடுமாறி, வெளியே போய், திரும்பவே வராதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு ஒரு காபா கிடைக்கவில்லை. அவர்களுக்கும் அந்த மரியாதை சேர வேண்டியதுதான்.

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் உரிய வியாதியும் அல்ல. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை. ஒவ்வொரு தாக்குதலும் அவர் கையிலிருந்து தொடங்கும். கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு 1992 முதல் பதினாறு சீசன் பிரெட் ஃபார்வ் அந்த இடத்தில் இருந்தார். ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று வருஷம் பெஞ்சில் காத்திருந்து 2008-இல் இடத்துக்கு வந்தபோது, சீசனே தொடங்காத பயிற்சி ஆட்டத்தில் சொந்த ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். 2011-இல் அவர் சூப்பர் பௌல் வென்றார். பிறகு 2023-இல் அவர் போனார். ஜோர்டன் லவ் வந்தார், அதேபோல் மூன்று வருஷம் பெஞ்சில் காத்திருந்துவிட்டு. இப்போது அளவுகோல் யார்? ஒரு காலத்தில் கூச்சல் வாங்கிய ராட்ஜர்ஸ்தான். அங்கேயும் ஒரு சித்தப்பா இருக்கிறார்.

பழையவனிடம் நாம் ஒப்பிடுவது பழையவனை அல்ல. நம் ஞாபகம் ஒரு நல்ல எடிட்டர். ஜெயித்த ஆட்டங்களை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிந்துவிடும். புதியவனுக்கு எடிட்டிங் கிடையாது, நேரலை மட்டும்தான். வெட்டி ஒட்டிய இருபது வருஷத்தை ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரியோடு ஒப்பிடுகிறோம்.

இதற்குச் சாட்சி தோனியேதான். 2025 ஏப்ரலில் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் எலும்பு முறிந்து விலகியதும் தோனி மறுபடி கேப்டன் ஆனார். எத்தனை பேர் இந்த நாளுக்காகக் காத்திருந்தார்கள்! ஏப்ரல் 11, சேப்பாக்கம், எதிரணி கொல்கத்தா. சென்னை 20 ஓவரில் 103 ரன். கொல்கத்தா அதைப் பதினோராவது ஓவரிலேயே எடுத்து முடித்துவிட்டது. அந்த சீசனில் சென்னை வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடம். 43 வயது மனிதர் ஒருவரால் முடிந்ததைச் செய்தார், அவ்வளவுதான். "தோனி மாதிரி வருமா?" என்ற கேள்விக்கு 2025-இன் தோனியாலும் ஆம் என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பெயருக்குரியவரே எட்ட முடியாத உயரத்தில் வைத்துவிட்டு, ருதுராஜை எட்டச் சொன்னோம்.

இப்போது வேறொரு ஞாபகத்தை எடுத்து வைக்கிறேன், எடிட்டர் வெட்டிப் போட்ட துண்டு. 2004 டிசம்பர் 23, சட்டோகிராம். தோனியின் முதல் ஒருநாள் ஆட்டம். முதல் பந்திலேயே ரன் அவுட், பூஜ்யம். அடுத்த மூன்று ஆட்டங்களில் 12, ஆட்டமிழக்காமல் 7, பிறகு 3. நாலு ஆட்டத்தில் மொத்தம் 22 ரன். ஐந்தாவது ஆட்டம் 2005 ஏப்ரல் 5, விசாகப்பட்டினம், பாகிஸ்தானுக்கு எதிராக. கங்குலி அவரை மூன்றாவதாக இறக்கிவிட்டார். 148.

அந்த 148-ஐ எல்லோரும் கொண்டாடுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 22 ரன் எடுத்தவனுக்கு ஐந்தாவது ஆட்டம் கிடைத்தது என்பது. கிடைத்தது மட்டுமல்ல, மேலே இறக்கியும் விட்டார்கள். அதை யாரோ கொடுத்தார்கள். தோனி சம்பாதித்ததல்ல அது. சம்பாதிக்க அதுவரை அவரிடம் ஒன்றும் இல்லை. நாம் நேசிக்கும் அந்த மனிதன் முழுக்க அந்த ஒரு தாராளத்தின் மேல்தான் நிற்கிறான். அப்படியானால் அவனுக்கு நன்றி செலுத்த ஒரே ஒரு நேர்மையான வழிதான் எனக்குத் தெரிகிறது: வாங்கியதை அடுத்தவனுக்குக் கொடுப்பது. அவன் பெயரைச் சொல்லி அடுத்தவனுடைய ஐந்தாவது ஆட்டத்தைப் பறித்தால், நாம் நன்றி செலுத்துவது எதற்கு?

"கோடி கோடியா வாங்குறானுங்க, நாலு கோஷத்தத் தாங்க முடியாதா?" என்று கேட்பார்கள். தாங்குவார்கள். ஜடேஜா தாங்கினார், 2025 நவம்பரில் ராஜஸ்தானுக்கும் போய்விட்டார். என் கவலை அவர்களைப் பற்றி மட்டும் இல்லை. இந்தப் பழக்கம் நம் கண்ணை என்ன செய்கிறது என்பதும்தான். 2024 மார்ச் 31, அதே விசாகப்பட்டினத்தில் தோனி 16 பந்தில் 37 அடித்தார். சென்னை 20 ரன்னில் தோற்றது. ரசிகர்கள் ஜெயித்தது போலக் கொண்டாடினார்கள். அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் ருதுராஜ் லக்னோவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 108 எடுத்தார். சென்னையின் எந்தக் கேப்டனும் அதுவரை ஐ.பி.எல்லில் சதம் அடித்ததில்லை, தோனி உட்பட. அன்றும் சென்னை தோற்றது. உங்களில் எத்தனை பேருக்கு அந்த 108 ஞாபகம் இருக்கிறது? ரசிகனுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் உண்டா? கண்ணெதிரே ஒன்று நடந்தது, காசு கொடுத்து உள்ளே போயும் பார்க்கவில்லை.

அலுவலகங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எல்லோருக்கும் பிடித்த ஒரு டீம் லீட் விலகினார். அந்த இடத்துக்கு ஒரு பெண் வந்தார். சர்வர் கொஞ்சம் முனகினாலும், "அண்ணன் இருந்தப்போ இப்படி ஆனதே இல்ல" என்று யாராவது சொல்வார்கள், அவர் காதில் விழும்படி. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாம் படுத்துவிட்டது. கிட் என்ற மென்பொருளில் ஒரு வசதி உண்டு. எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று காட்டும். அதன் பெயரே 'பிளேம்'. தேடிப் பார்த்தால், பிரச்சினைக்குரிய வரி நாலு வருஷத்துக்கு முந்தையது, அண்ணன் எழுதியது. அவர் அதை அழைப்பில் இருந்த யாரிடமும் சொல்லவில்லை. சரி செய்துவிட்டு, எல்லோரையும் தூங்கப் போகச் சொன்னார். மறுநாள் தனியாக, "ஏன் சொல்லல மேடம்?" என்று கேட்டேன். "அவர் எழுதினப்போ யூசர்ஸ் கம்மி. அன்னிக்கு அது சரியான கோடுதான். நம்ம வளர்ந்துட்டோம், அவ்ளோதான்" என்றார்.

முந்தையவரை அந்த அணியிலேயே சரியாக மதிப்பிட்டவர் அவர்தான். மற்ற எல்லோரும் அண்ணனை நேசித்தார்கள். அவர் ஒருவர்தான் அண்ணனின் வேலையை வரி வரியாகப் படித்திருந்தார்.

ஸ்ரீரங்கத்துக்கு இந்தச் சிக்கல் ஆயிரம் வருஷமாகத் தெரியும். ஆளவந்தாருக்குப் பின் ராமானுஜர் வந்த கதையில் குருபரம்பரை ஓர் இடத்தைச் சொல்கிறது. ஆளவந்தாரின் சீடரான திருமாலையாண்டான், ராமானுஜருக்குத் திருவாய்மொழிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பாசுரத்துக்கு ராமானுஜர் வேறு பொருள் சொன்னார். ஆளவந்தாரிடம் இப்படிக் கேட்டதில்லை, இது உன் சொந்தச் சரக்கு என்று சொல்லி ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். ஆண்டானைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவரிடம் பொறாமை இல்லை. தன் ஆசிரியர் மேல் இருந்த அன்புதான் அவரைத் தடுத்தது. மொஹாலியில் கத்தியவர்களிடம் இருந்ததும் ஒரு வகையில் அதே அன்புதான்.

கேள்விப்பட்ட திருக்கோஷ்டியூர் நம்பி அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். அவரும் ஆளவந்தாரின் சீடர். அந்தப் பொருளை நானும் ஆளவந்தாரிடம் கேட்டிருக்கிறேன் என்று ஆண்டானிடம் சொன்னார். பாடம் மறுபடி தொடங்கியது.

கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வந்தவர் யார் என்பது. ராமானுஜர் தனக்காக வாதாடி ஜெயிக்கவில்லை. இளைஞர்கள் கூடி, பழசை மறக்கச் சொல்லவில்லை. முந்தையவரை அருகிலிருந்து பார்த்த, அவரை ஆண்டானுக்குக் குறையாமல் நேசித்த ஒருவர் வந்து புதியவர் பக்கத்தில் நின்றார். அதற்குத்தான் எடை இருந்தது. கோலி சொன்னபோதும் அது உறைத்ததற்குக் காரணம், தோனியிடம் ஆடிப் பழகிய ஒருவர் அதைச் சொன்னார் என்பது. முந்தையவனைப் பார்க்காதவன் "ஒப்பிடாதீர்கள்" என்றால் அது வெறும் அறிவுரை. பார்த்தவன் சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்த்தால், இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலருக்கு அந்தத் தகுதி இருக்கிறது. தோனி ஆடி முடித்தபின் பிறந்த பிள்ளைகள் பத்து வருஷத்தில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். யாரோ ஒரு பையன் ஸ்டம்புக்குப் பின்னால் ஒரு பந்தை விடுவான். பெருசுகள் பழைய பெயரைச் சொல்லும். அப்போது அந்தப் பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் நீங்கள் அவரைப் பார்த்தவர்கள். "அவரும் முதல் நாலு மேட்ச்ல மொத்தம் 22 ரன்தான்டா எடுத்தாரு" என்று நீங்கள் சொல்லலாம். அது ஞாபகத்துக்குத் துரோகம் ஆகாது. ஞாபகத்தை முழுசாக வைத்திருப்பவர்களால் மட்டுமே சொல்ல முடிந்த வாக்கியம் அது.